ஓடிப்போனவர் சரித்திரம்

அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் ஆண்டின் தலைசிறந்த வீரனுக்கு ஹோபி பேக்கர் விருது என்று ஒன்று தருகிறார்கள். யார் இந்த பேக்கர்? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1914 வரை ஆடியவர். காசுக்கு ஆடுவது கௌரவக் குறைச்சல் என்று கடைசிவரை நம்பியவர். மொன்றியல் கனேடியன்ஸ் அணி சம்பளத்தோடு வந்து கதவைத் தட்டியபோது வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர். நியூயார்க்கின் செயின்ட் நிக்கலஸ் அரங்க வாசலில் ‘இன்றிரவு ஹோபி பேக்கர் ஆடுகிறார்’ என்று பலகை வைத்ததற்கே கூசிப்போய், அதைக் கழற்றுங்கள் என்று கெஞ்சிய மனிதர். முதல் உலகப் போரில் விமானியாகப் போனார். போர் முடிந்து, ஊர் திரும்பும் உத்தரவும் கைக்கு வந்த பிறகு, 1918 டிசம்பரில் பிரான்ஸில் விமானம் விழுந்து இறந்தார்.

அப்பேர்ப்பட்ட உத்தமர் பெயரில் விருது. அதை வாங்குகிற பையன் என்ன செய்கிறான்? ஒரு கையில் விருதை வாங்கிக்கொண்டு மறு கையால் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறான். 2019-ல் வாங்கிய கேல் மக்கார், 2023-ல் வாங்கிய ஆடம் ஃபான்டிலி, 2024-ல் வாங்கிய மக்லின் செலப்ரினி ஆகிய மூவருமே படிப்பு பாதியில் நிற்க, அந்த ஆண்டே கல்லூரிக்கு டாட்டா காட்டியவர்கள். மதுவிலக்குத் தியாகி பெயரில் டாஸ்மாக் திறந்த மாதிரிதான். ஆனால் விருதுக் கமிட்டியில் யாரும் சிரித்ததாகத் தகவல் இல்லை.

ஹாக்கி என்றதும் கோவில்பட்டி மைதானத்தை நினைத்துக்கொண்டு மேலே படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். இது பனித்தரையில், காலில் பிளேடு கட்டிக்கொண்டு, பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டை விரட்டி, இடையிடையே ஒருவரையொருவர் பலகைச் சுவரில் மோதி அப்பளமாக்கும் ஆட்டம். இதில் பெரிய தலை என்.எச்.எல். என்கிற தொழில்முறை லீக். ஆண்டுதோறும், வழக்கமாக ஜூன் மாதத்தில், பதினெட்டு வயதைத் தொடும் பையன்களை அதன் அணிகள் பெயர் சொல்லிப் பங்கு போட்டுக்கொள்ளும். டிராஃப்ட் என்று அதற்குப் பெயர். பங்கு போட்ட பிறகும் பையன் கல்லூரிக்குப் போகலாம், படிக்கலாம், ஆடலாம். உரிமை கொண்டாடிய அணி வாசலில் காத்திருக்கும். ஆனால் நாலு வருஷம் முடிந்த ஆகஸ்ட் 15 வரைதான் அந்த உரிமை. அதற்குள் கையெழுத்து வாங்காவிட்டால் பையன் யாரோடு வேண்டுமானாலும் போய்விடலாம். ஆகையால் அணி மேலாளர்களுக்கு இரண்டாம் வருஷத்திலேயே கை நமைக்க ஆரம்பித்துவிடும்.

கல்லூரி கோச்சின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே அவன் வீட்டு சோபாவில் போய் உட்கார்ந்து, அம்மா நீட்டிய காபியை மூன்றாம் தடவையும் மறுக்காமல் குடித்து, தாத்தாவின் மீன்பிடிக் கதைகளுக்கெல்லாம் தலையாட்டி, ஸ்காலர்ஷிப்பும் கொடுத்து அழைத்துக்கொண்டு வருவார். பையன் சரியாக ஆடாவிட்டால் கோச் வேலை போகும். பிரமாதமாக ஆடினால் பையன் போவான். யார் கண்ணிலும் படாமல், ஆனால் கோப்பை ஜெயிக்கிற அளவுக்கு மட்டும் ஆடுகிற பையன்தான் வேண்டும். அப்படி ஒரு வரத்தை எந்தச் சாமியிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாது.

ஆக, ஏப்ரலில் சீசன் முடிந்ததும் மினசோட்டா, மிஷிகன், நார்த் டகோட்டா ரசிகர்கள் ஒப்பாரிக்குத் தயாராகிவிடுவார்கள். இவன் போவானா, அவன் இருப்பானா, போனால் அடுத்த வருஷம் யார் கோல் போடுவது, ‘நம்ம கதை முடிஞ்சுது.’ இந்தக் கோடைகால ஒப்பாரிகளையும் கோப்பைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். கதை முடிந்தது என்று யார் அழுதார்களோ அவர்கள் பாதி நேரம் நன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள். நம்ம ஆட்கள் போகாமல் இருக்கிறார்கள் என்று யார் மார்தட்டினார்களோ, அவர்கள் அந்த வருஷம்தான் பெரும்பாலும் மண்ணைக் கவ்வியிருக்கிறார்கள். கவ்வ வைத்தவர்கள் யாரென்று பார்த்தால், எந்த என்.எச்.எல். மேலாளரும் திரும்பிப் பார்க்காத ஊர்பேர் தெரியாத பையன்கள்.

பழைய கணக்கிலிருந்து வருவோம்.

கல்லூரியிலிருந்து நேரே என்.எச்.எல்.லுக்குத் தாவிய முதல் ஆள் என்று ரெட் பெரன்சனைச் சொல்வார்கள். 1962 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரில், தேசியப் போட்டியின் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மிஷிகன் பல்கலைக்கழகத்துக்காக ஆடினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பாஸ்டனில் மொன்றியல் கனேடியன்ஸ் சட்டையில் வந்து நின்றார். கல்லூரிச் சட்டையின் வியர்வை காய்ந்திருக்குமா என்பதே சந்தேகம். அவருக்கு அது கடைசி வருஷம், பட்டத்தையும் வாங்காமல் விடவில்லை. எனவே பாதியில் ஓடினார் என்று சொன்னால் பாவம் வந்து சேரும். ஆனாலும் பாதையைக் காட்டிவிட்டார். பிறகு 1968 நவம்பரில் செயின்ட் லூயிஸ் அணிக்காக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் போட்டு, கல்லூரிப் பையன்களெல்லாம் பூஞ்சை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயையும் அடைத்தார்.

இந்தப் பெரன்சன்தான் 1984-ல் மிஷிகனுக்கே கோச்சாகத் திரும்பி வந்தார். 2017 வரை, 33 சீசன், ‘அவசரப்படாதே தம்பி, படிப்பை முடி’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காலம் கணக்கு வைத்துத் திருப்பிக் கொடுக்கும் என்பார்களே, இவருக்கு வட்டியோடு கொடுத்தது.

1997-ல் பெரன்சனிடம் இருந்தது கல்லூரி ஹாக்கியின் மிகச் சிறந்த அணிகளில் ஒன்று. 1996-ல் கோப்பை வென்றவர்கள், பெரும்பாலும் ஓடிப்போகாமல் தங்கிய சீனியர்கள். ஹோபி பேக்கர் விருது வாங்கிய பிரெண்டன் மாரிசன் தலைமையில் சீசன் முழுக்கத் தோற்றது நாலே நாலு ஆட்டம். அந்த நாலில் கடைசி ஒன்று அரையிறுதி. பாஸ்டன் பல்கலைக்கழகம் 3-2 என்று வீட்டுக்கு அனுப்பிவைத்தது. சீனியர்கள் பட்டத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். மிச்சம் இருந்தது கோல் காக்கும் கோலி மார்ட்டி டர்கோவும், மீசை சரியாக முளைக்காத முதலாம் ஆண்டுக் கூட்டமும். அவ்வளவுதான், இனி மூன்று வருஷம் வனவாசம் என்று ஊரே பேசியது.

1998-ல் அந்தப் பொடியன்கள் கோப்பையைத் தூக்கினார்கள். அதுவும் பாஸ்டன் நகரத்தில், பாஸ்டன் கல்லூரிக்கு எதிராக, அந்த ஊர்க்காரர்கள் கூச்சலுக்கு நடுவே, ஓவர்டைமில். 3-2. கோல் போட்டவன் ஜாஷ் லாங்ஃபெல்ட், முதலாம் ஆண்டு மாணவன். பூரண கும்பம் மாதிரி இருந்த அணிக்குக் கிடைக்காதது துண்டு துக்காணிக்குக் கிடைத்தது.

அந்தப் பொடியன்களில் ஒருவன் மைக் வான் ரின். ரெண்டு வருஷம் கழித்து ஒரு வக்கீல் மூளை வேலை செய்தது. கல்லூரியை விட்டுவிட்டுக் கனடாவின் ஜூனியர் லீக்கில் ஒரு வருஷம் ஆடினால், டிராஃப்டில் எடுத்த நியூ ஜெர்ஸி அணியின் உரிமை காலாவதியாகும், சுதந்திரமாக யாரிடமும் போகலாம் என்று சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. வான் ரின் அந்தச் சந்தில் நுழைந்து செயின்ட் லூயிஸ் பக்கம் வெளியே வந்தார். பின்னாலேயே 2000-ல் மைக் காம்ரி. எட்மன்டனில் பெரிய ஃபர்னிச்சர் கடைச் சங்கிலியின் முதலாளி மகன். அவரும் மிஷிகனை விட்டுக் கனடா ஜூனியருக்குப் போனார். தன்னை எடுத்த எட்மன்டன் அணியிடமே அதைக் காட்டிக் காட்டி டிசம்பர் கடைசியில் கையெழுத்துப் போட்டார். கட்டில் பீரோ விற்கிற வீட்டுப் பிள்ளைக்குப் பேரம் பேசச் சொல்லித் தரவேண்டுமா? பெரன்சனுக்குத்தான் அரை அணி காலி.

மிஷிகன் ரசிகர்கள் அழுதது போதும். அழுகையையே கலையாக வளர்த்த ஊர் மினசோட்டா.

அங்கே ஹாக்கி என்பது மதம் மாதிரி என்று எழுதினால் மதத்தைக் குறைத்துச் சொன்னதாகும். 1974, 1976, 1979 என்று மூன்று கோப்பைகளை வாங்கிக் கொடுத்த கோச் ஹெர்ப் புரூக்ஸ், அதன் பிறகு 1980 ஒலிம்பிக்கில் கல்லூரிப் பையன்களை வைத்து சோவியத் யூனியனையே கவிழ்த்தார். தங்கப் பதக்கம் வாங்கிய கையோடு பலரும் தொழில்முறைக்குத் தாவினார்கள். பௌலிங் க்ரீன் கல்லூரியின் கென் மாரோ என்பவர் பிப்ரவரியில் தங்கம், அதே வருஷம் மே மாதம் ஐலண்டர்ஸ் அணியோடு என்.எச்.எல்.லின் ஸ்டான்லி கோப்பை என்று ஒரே மூச்சில் முடித்தார். நீல் பிராட்டன் மட்டும், ஒலிம்பிக் தங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு மினசோட்டா கல்லூரிக்கே திரும்பினார். 1981-ல் ஹோபி பேக்கர் விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது அவருக்குத்தான். நல்ல பிள்ளை என்றால் இதுதான். அந்த நல்ல பிள்ளை இருந்தும் அந்த வருஷ இறுதியாட்டத்தில் மினசோட்டா விஸ்கான்சினிடம் 6-3 என்று தோற்றது.

அப்புறம் 23 வருஷ வறட்சி. 2002, 2003 என்று அடுத்தடுத்து ரெண்டு கோப்பை. கோச் டான் லூசியாவுக்கு ஊரில் சிலை வைக்காத குறை. இனி வருஷா வருஷம் நமக்குத்தான் என்று நினைத்தார்கள்.

வந்தது 2006. அணியில் ஃபில் கெசல் என்ற முதலாம் ஆண்டுப் பையன். 39 ஆட்டத்தில், கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து, 51 புள்ளி. பக் அவன் மட்டையில் பட்டதா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்குள் வலையில் இருக்கும், அப்படி ஒரு கை. கூடவே நாட்டிலேயே அதிக கோல் போட்ட ரயன் பொட்டுல்னி. தேசியப் போட்டியின் முதல் சுற்றில் எதிராளி யார் என்றால், மாசசூசெட்ஸில் உள்ள ஹோலி கிராஸ். ஜெசூட் பாதிரியார்கள் நடத்தும் சின்னக் கல்லூரி. அதன் லீக்கிலிருந்து ஒரு அணிகூட அதுவரை தேசியப் போட்டியில் ஒரு ஆட்டமும் ஜெயித்ததில்லை. மினசோட்டா ரசிகர்கள் அடுத்த சுற்றுக்கு ஓட்டல் ரூம் போட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

ஆட்டம் நடந்த இடம் இன்னும் விசேஷம். நார்த் டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம். மினசோட்டாவின் ஜென்மப் பகையாளி ஊர். அரங்கம் நிறைய பச்சைச் சட்டைக்காரர்கள். ஹோலி கிராஸ் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்கவேண்டிய ஜனம், அன்றைக்கு ஒருநாள் பரம பக்தர்களாக மாறிவிட்டது. எதிரிக்கு எதிரி என்கிற கணக்கு. ஹோலி கிராஸ் கோல் போட்டால் கூரை பிய்ந்தது. மினசோட்டா சமன் செய்தால் மயான அமைதி. மூன்று பீரியட் முடிந்து 3-3. ஓவர்டைம் தொடங்கிய சற்றைக்கெல்லாம் டைலர் மெக்ரெகர் என்ற பையன் பக்கை உள்ளே தள்ளினான். 4-3. ஹோலி கிராஸ் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குவிந்தார்கள். பகையாளி ஊர் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. நீல மூக்கோடும் கருஞ்சிவப்புச் சட்டையோடும் மினசோட்டாக்காரர்கள் பார்க்கிங்கில் கார் தேடினார்கள்.

கெசல் போனார். பொட்டுல்னி போனார். டேனி இர்மன் போனார். வழக்கம்போல ஒப்பாரி. ஆனால் இந்த முறை அழுகையில் சுருதி சேரவில்லை. எல்லோரும் இருந்தபோதே ஹோலி கிராஸிடம் தோற்றாயிற்றே, இவர்கள் போனால் யாரிடம் தோற்பது? அதைவிடக் கீழே இறங்க இடமில்லை.

அந்த ஜூன் டிராஃப்டில் முதல் ஏழு பேரில் மூன்று பேர் மினசோட்டா கணக்கு. முதலிடத்தில் எரிக் ஜான்சன், ஐந்தில் கெசல், ஏழில் கைல் ஒக்போசோ. கெசல் கிளம்பியதும் ஜான்சனும் ஒக்போசோவும் உள்ளே வந்தார்கள். ஜான்சன் ஒரே வருஷம் இருந்தார். ஹாஸ்டல் அறைக்குத் திரைச்சீலை வாங்குவது வீண் செலவு என்கிற அளவுக்குப் போக்குவரத்து.

ஒக்போசோ கதை தனி. ரெண்டாம் வருஷம் தங்கினார். ரசிகர்கள் அப்பாடா என்றார்கள். 2007 டிசம்பரில், சீசன் நடுவிலேயே, ஐலண்டர்ஸ் அணி வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. போனதோடு விட்டார்களா? ஐலண்டர்ஸ் பொது மேலாளர் கார்த் ஸ்னோ பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, பையனுக்குச் சரியாக ஆட்டம் சொல்லித் தரவில்லை, அதனால்தான் எடுத்துக்கொண்டோம் என்று லூசியாவை வாங்கு வாங்கென்று வாங்கினார். திருடிக்கொண்டு போனவன் பூட்டு மட்டமாக இருந்தது என்று கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போன கணக்கு. இந்த ஸ்னோ யார் தெரியுமா? 2006 ஜூலை வரை அதே ஐலண்டர்ஸ் அணியில் மாற்று கோலி. முதலாளி கூப்பிட்டு மேலாளர் நாற்காலியில் உட்கார வைத்ததும் ஸ்கேட்டைக் கழற்றியவர். இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்த கோச்சுக்கு, பெஞ்சிலிருந்து நாற்காலிக்கு மாறி ஒன்றரை வருஷமே ஆனவர் பாடம் எடுத்தார். கல்லூரி ஹாக்கியில் மரியாதைக்குப் பஞ்சமே கிடையாது.

கிராண்ட் ஃபோர்க்ஸ்காரர்கள் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார்களா என்றால், இல்லை. 2005 முதல் 2008 வரை தொடர்ந்து நாலு வருஷம் நார்த் டகோட்டா ஃப்ரோசன் ஃபோருக்குப் போனது. கடைசி நாலு அணிகள் மோதும் கட்டத்துக்கு அதுதான் பெயர். நாலு வருஷமும் தோல்வி. அதில் மூன்று தடவை ஒரே ஆள் கையால், பாஸ்டன் கல்லூரி. நட்சத்திர வீரர் ஜோனதன் டேவ்ஸ் இருந்தபோதும் தோல்வி, 2007-ல் அவர் சிகாகோவுக்குப் போன பிறகும் தோல்வி. டேவ்ஸோடு ஆடிய ஓஷி இன்னொரு வருஷம் இருக்கிறேன் என்று சொன்னதும் ஊரே பாயசம் வைத்தது. அந்த இன்னொரு வருஷம்தான் பாஸ்டன் கல்லூரியிடம் 6-1 தோல்வி. டங்கன், ஓஷி, டேவ்ஸ் என்ற அந்தப் பிரபல மூவரில் 2007-ல் ஹோபி பேக்கர் வாங்கியவர் யார் என்று கேட்டால் பலரும் தப்பாகச் சொல்வார்கள். மூவரில் எந்த அணியும் டிராஃப்டில் தொடாத ரயன் டங்கன்தான்.

இதற்கு நேர் எதிரான கூத்து மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம். 2016-17 சீசனில் அவர்கள் ஜெயித்தது மொத்தம் ஐந்து ஆட்டம். மறு வருஷம் கேல் மக்கார் வந்தார். 2019-ல் அணி இறுதியாட்டம்வரை போய் மினசோட்டா டுலூத்திடம் 3-0 தோற்றது. சனிக்கிழமை தோல்வி. திங்கட்கிழமை மக்கார் கொலராடோ சட்டையில், என்.எச்.எல். பிளேஆஃபில், தன் முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டார். பெரன்சனுக்கு ஒரு நாள் ஆனது, இவருக்கு இரண்டு நாள். காலம் முன்னேற முன்னேற வேகம் குறைந்துவிட்டது. இனி மாசசூசெட்ஸ் பழையபடி ஐந்து ஆட்டம்தான் என்று சொன்னவர்கள் 2021 ஏப்ரலில் வாயை மூடிக்கொண்டார்கள். மக்கார் இல்லாத அணி செயின்ட் கிளவுட் ஸ்டேட்டை 5-0 அடித்துக் கோப்பையைத் தூக்கியது.

மிஷிகனின் 2022 அணியைச் சொல்லாவிட்டால் சரித்திரம் கோபித்துக்கொள்ளும். 2021 டிராஃப்டின் முதல் ஐந்து பேரில் நாலு பேர் இவர்கள். முதலிடம் ஓவன் பவர், ரெண்டாவது மாட்டி பெனியர்ஸ், நாலாவது லூக் ஹ்யூஸ், ஐந்தாவது கென்ட் ஜான்சன். மூன்றாமவனை மட்டும் எப்படியோ கோட்டை விட்டார்கள். இவர்களோடு முதல் சுற்றில் எடுக்கப்பட்ட இன்னும் மூன்று பேர். பட்டியலைப் படித்த எதிரணி கோச்சுகளுக்கு வயிற்றில் புளி கரைந்திருக்கும். அரையிறுதியில் டென்வர் 3-2 என்று ஓவர்டைமில் முடித்தது. பவர், பெனியர்ஸ், ஜான்சன் உட்பட அரை டஜன் பேர் மூட்டை கட்டினார்கள். மிஷிகன் கதை முடிந்தது என்றார்கள். அடுத்த வருஷம் மிஷிகன் மறுபடி அரையிறுதி, மறுபடி தோல்வி. ஃபான்டிலியும் ஹ்யூஸும் கிளம்பினார்கள். அதற்கடுத்த வருஷமும் அரையிறுதி, மறுபடியும் தோல்வி. நட்சத்திரங்கள் நிறைந்திருந்தபோது போய்ச்சேர்ந்த இடமும் அதுதான், நட்சத்திரங்கள் உதிர்ந்த பிறகு போய்ச்சேர்ந்த இடமும் அதுதான். இந்த ஊர் ரசிகர் கோடை முழுக்க எதற்காக நகத்தைக் கடித்தார் என்று அவரே ஒரு நாள் யோசித்துப் பார்க்கலாம்.

இனி லோகன் கூலி. என் கட்சியில் இந்தச் சரித்திரத்தின் கதாநாயகன் இவர்தான்.

2022 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக அரிசோனா கயோட்டீஸ் அணி கூலியை எடுத்தது. கூலி மினசோட்டாவுக்குப் படிக்கப் போனார். ஒரே சீசனில் 60 புள்ளி. பக்கத்தில் டொரண்டோ அணிக்குச் சொந்தமான மாத்யூ நைஸ். 2023 இறுதியாட்டம் ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில், வெளியே வெயில் கொளுத்த உள்ளே ஐஸ். எதிரணி குவினிபியாக். அமெரிக்கத் தேர்தல் கருத்துக்கணிப்புகளில் மட்டுமே பலர் கேள்விப்பட்டிருக்கிற கல்லூரி. மினசோட்டா 2-0 முன்னிலை. இருபது வருஷ வறட்சி இதோ தீர்ந்தது என்று கடைசி மூன்று நிமிஷம்வரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஒரு கோலைத் திருப்பியிருந்த குவினிபியாக், கோலியை வெளியே எடுத்துவிட்டு ஆறு பேரோடு வந்து 2-2 ஆக்கியது. ஓவர்டைம் ஆரம்பித்துப் பத்தே வினாடி. ஜேக்கப் குவிலன் என்ற பையன் கோல் போட்டான். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்த ரசிகர் குடிப்பதற்குள் வருஷம் முடிந்துவிட்டது.

நைஸ் மறுநாளே டொரண்டோவுக்குக் கையெழுத்துப் போட்டார். குவிலனை எந்த அணியும் டிராஃப்டில் எடுத்திருக்கவில்லை. அவரும் அடுத்த வருஷம் கல்லூரியை விட்டு அதே டொரண்டோவுக்குத்தான் போனார். அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே கம்பெனியில் உத்தியோகம்.

கூலி என்ன செய்தார்? அந்த மே மாதம் அரிசோனாவின் டெம்பி நகரத்து வாக்காளர்கள் கயோட்டீஸுக்குப் புது அரங்கம் கட்டும் திட்டத்தை ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார்கள். அதன் பின்னே கூலி, ‘நான் மினசோட்டாவிலேயே இருக்கிறேன்’ என்று அறிவித்தார். மினியாபொலிஸில் தீபாவளி. ஜூலை கடைசியில் மனசு மாறி கயோட்டீஸிடம் கையெழுத்துப் போட்டார். மே மாதத்தில் வெடித்த பட்டாசின் குப்பையைக்கூட அள்ளி முடிக்காத நேரம். அல்வா என்றால் திருநெல்வேலியில் மட்டும்தான் கிடைக்கும் என்று யார் சொன்னது?

வேடிக்கை இனிமேல்தான். கயோட்டீஸுக்குச் சொந்தமாக அரங்கம் கிடையாது. பழைய அரங்கத்தின் குத்தகை முடிந்து, 2022 முதல் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ரிங்க்கில் குடியிருந்தார்கள். முல்லெட் அரங்கம் என்று பெயர். என்.எச்.எல். ஆட்டத்துக்கு 4,600 இருக்கை. தொழில்முறை அணிக்கு உடை மாற்றத் தகுந்த அறைகள் இல்லாமல், பக்கத்தில் தனியாக ஒரு கட்டடம் எழுப்பும்வரை தற்காலிக ஏற்பாட்டில் சட்டை மாற்றினார்கள். மினசோட்டாவின் மாரியுச்சி அரங்கத்தில் சுமார் பத்தாயிரம் பேர் உட்காரலாம். ஆகக் கூலி பெரிய கல்லூரி ரிங்க்கை விட்டு, பாதி அளவுள்ள இன்னொரு கல்லூரி ரிங்க்குக்கு முன்னேறினார். தொழில்முறை வாழ்க்கைக்காக. மாணவர்கள் கத்துகிற கூச்சல்கூட மாறியிருக்காது, சம்பளம் மட்டும்தான் மாறியிருக்கும்.

ஆடவில்லை என்று சொல்லமுடியாது, முதல் சீசனிலேயே 20 கோல் போட்டார். ஆனால் சீசன் முடிந்த 2024 ஏப்ரலில் அணியே அரிசோனாவை விட்டு யூட்டாவின் சால்ட் லேக் சிட்டிக்கு ஓடிவிட்டது. கல்லூரியை விட்டு வீரன் ஓடுவது தெரிந்த கதை. வீரனைக் கூட்டிக்கொண்டு அணியே ஊரை விட்டு ஓடியது புதுசு. டெம்பியில் அந்த வாரம் ஒப்பாரி வைத்தவர்கள், மினசோட்டாக்காரர்களுக்கு ஒரு போன் போட்டிருந்தால் ராகம் தாளம் எல்லாம் இலவசமாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

இப்போது வண்டி திரும்பி ஓட ஆரம்பித்திருக்கிறது. கனடா ஜூனியர் லீக்குகளில் ஆடிய பையன் அமெரிக்கக் கல்லூரியில் ஆடக்கூடாது என்று காலம்காலமாக விதி இருந்தது. அந்தப் பையன்கள் வாங்கும் கைச்செலவுப் பணமும், தொழில்முறை ஒப்பந்தம் போட்டவர்களோடு சேர்ந்து ஆடுவதும் அவர்களைத் தொழில்முறை ஆட்களாக்கிவிடுகிறதாம். காம்ரி காலத்தில் கல்லூரியைக் கைகழுவிவிட்டு வருகிறவர்களுக்கு அந்த லீக்குகள் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தன. 2024 நவம்பரில் கல்லூரி விளையாட்டு அமைப்பு அந்த விதியைத் தூக்கி எறிந்தது. 2025 கோடையில் கனடாவின் மெடிசின் ஹாட் டைகர்ஸ் அணியிலிருந்து, அடுத்த டிராஃப்டின் பெரும் எதிர்பார்ப்பாகப் பேசப்பட்ட கேவின் மெக்கென்னா, பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட்டுக்கு நடையைக் கட்டினார். அந்த வருஷம்தான் டைகர்ஸ் தங்கள் லீக் கோப்பையை ஜெயித்திருந்தது.

மெடிசின் ஹாட்டில் எல்லோரும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். அவன் போயாச்சு, இவன் போவானா, அடுத்த வருஷம் கோல் போட ஆள் யார்? பென் ஸ்டேட் பக்கம் மெக்கென்னா பெட்டியை இறக்கி வைப்பதற்குள் ரசிகர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: ரெண்டாம் வருஷம் இருப்பானா?